இசைப்பெட்டி இல்லம் புகுந்த வரலாறு



ஒரு குடும்பம் தன் உழைப்பில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு முதன்முதலாக ஓர் இசைப்பெட்டியை வாங்குவது சிறிய செய்தியன்று. அரிசி வாங்கவும் துணி எடுக்கவும் வழக்கம் வழிகாட்டும்; இசைப்பெட்டி வாங்க அத்தகைய வழக்கம் ஏதுமில்லை. கடைக்காரர் ஒன்று சொல்வார். அடுத்த வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். இக்குழப்பத்தில் நமக்குத் துணை செய்ய வல்லது வரலாறு. நமக்கு முன் வாழ்ந்தோர் எதை வாங்கினர், ஏன் வாங்கினர், அதனால் எதைப் பெற்றனர், எதை இழந்தனர் என்று அறிந்தால், நாம் தேர்ந்தெடுப்பது எளிதாகும். அதனையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கும் கருவியை 1877ஆம் ஆண்டில் எடிசன் செய்து காட்டினார். அவர் பயன்படுத்தியது உருளை. பத்தாண்டு கழித்து, 1887இல், எமில் பெர்லினர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டத்தகட்டைக் கொண்டுவந்தார். ஓர் அச்சிலிருந்து பல நூறு தட்டுகளை அழுத்தி எடுக்க இம்முறை இடந்தந்தது. இசை விலைப்பொருளானது இதனால்தான். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரல் பதிவாயிற்று. அதன் பின் நம் நாட்டு இசை தட்டுகளில் ஏறிப் பயணம் செய்யலாயிற்று. அத்தட்டுகளைச் செய்யப் பயன்பட்ட முக்கியப் பொருள் அரக்கு. உலகுக்கு அதனைப் பெருமளவில் அளித்தது நம் நாடே என்பது பலர் அறியாத செய்தி.

அந்தப் பழைய கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. கைப்பிடியைச் சுழற்றி வில்லை முறுக்கினால் தட்டு சுழலும். ஊசியின் அதிர்வு குழலின் வழியே வெளிவரும். ஆனால் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட முடியும். ஆலாபனையில் ஒரு மணி நேரம் உலவக்கூடிய வித்துவானும் ஒரு கீர்த்தனையை மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டியதாயிற்று. மேலும், ஒலிவாங்கி வருமுன் பாடகர் ஒரு குழலுக்குள்ளேயே பாடினார். வினாடிக்கு ஏறத்தாழ 250 அதிர்வு முதல் 2,500 அதிர்வு வரையுள்ள ஒலிகளே அதில் ஓரளவு பதிந்தன. கணீரென்ற குரல் நின்றது. மிருதங்கத்தின் தொப்பியும் தம்பூராவின் ரீங்காரமும் மறைந்தன. 1925ஆம் ஆண்டு மின்சார முறையில் பதிவு செய்யத் தொடங்கிய பின்னரே இக்குறை தணிந்தது. நாம் எதைக் கேட்க முடியும் என்பதைக் கருவியே முடிவு செய்கிறது என்ற முதற்பாடம் இங்கே கிடைக்கிறது.

கிராமபோன் செல்வர் வீட்டுப் பொருளாகவே நெடுநாள் இருந்தது. எளியோர் செவிக்கு இசையைக் கொண்டு வந்தது வானொலி. 1924இல் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் தோன்றி ஒலிபரப்புச் செய்தது. பொருள் முட்டுப்பாட்டால் அது நின்றபின், சென்னை மாநகராட்சி 1930இல் அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தொடங்கின. தொடக்கத்தில் மக்கள் வானொலியை வீட்டில் கேட்டதைவிடப் பொதுவிடத்தில் கேட்டதே மிகுதி. கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி அமைத்தனர். பிற்காலத்தில் கிராமங்களில் பஞ்சாயத்து வானொலி வந்தது. மாலையில் பஞ்சாயத்துக் கட்டடத்து முன் மணலில் அமர்ந்து செய்தியும் பாட்டும் கேட்ட கூட்டத்தில் சிறுவனாக நானும் இருந்திருக்கிறேன்.

1967இல் எங்கள் இல்லத்துக்கு முதல் இசைப்பெட்டி வந்தது. என் தந்தையார் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். தட்டுச்சுழற்றி வாங்குவதா, வானொலிப் பெட்டி வாங்குவதா என்று அவர் பல நாள் கணக்குப் போட்டார். தட்டுச்சுழற்றியை வாங்கியதோடு செலவு முடியாது. ஒவ்வொரு தட்டுக்கும் விலை கொடுக்க வேண்டும். வானொலிக்கோ ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தினால் போதும். நாள்தோறும் கச்சேரி வீடு தேடி வரும். ஆகவே வால்வு வானொலி வந்தது. ஏரியல் வலைக்கம்பியை மாடியில் கட்டினோம். பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்தால் வருவோர் கண்ணுக்கு அழகாயிருக்கும் என்று உறவினர் கூறினர். தந்தையார் இசையவில்லை, அடுக்களை வாசலை ஒட்டிய சுவரில் பலகை அடித்து அதன்மேல் வைத்தார். என் தாயார் திருமணத்துக்கு முன் முறையாகப் பாட்டுப் பயின்றவர். வீட்டுவேலை காரணமாக ஒரு கச்சேரிக்கும் போக இயலாதவர். அவர் அடுப்பின் முன் நின்றபடியே கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடம். விலையைப் போலவே பெட்டியை வைக்கும் இடமும் சிந்தித்து முடிவு செய்ய வேண்டியது என்பதை நான் கற்றது அப்பலகையிலிருந்துதான்.

இதற்கிடையே மேனாட்டில் பெரிய மாறுதல்கள் நிகழ்ந்திருந்தன. 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே கால் சுற்றுக்குச் சற்று மிகுதியாகச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கிற்று. 1963இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதம் நெடுந்தட்டாக வந்தது. பழைய அரக்குத் தட்டாயின் அந்நெடும் பாராயணம் பல துண்டுகளாகச் சிதறியிருக்கும். இரு செவிக்கும் இரு வழியாக ஒலி தரும் ஸ்டீரியோ முறைக்கு ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931இலேயே காப்புரிமை கோரினார். அத்தகைய தட்டுகள் கடைக்கு வந்ததோ 1958இல்தான். இன்னொரு மாறுதலும் குறிப்பிடத்தக்கது. ஆழ்ந்த தாழ்சுரம் கேட்க வேண்டுமாயின் அலமாரியளவு பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும் என்றே முன்பு கருதினர். 1954இல் எட்கர் வில்சர் என்பவர் காற்றுப் புகாமல் அடைத்த சிறுபெட்டியைச் செய்தார். உள்ளே அடைபட்ட காற்றே வில்லைப் போல் இயங்கிக் கூம்பைத் தாங்கிற்று. சிறிய வீட்டில் வாழ்வோரும் நல்ல ஒலி கேட்கும் நிலை இதனால் உண்டாயிற்று.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் காசெட்டை அறிமுகம் செய்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் அங்கிருந்து கொணர்ந்த 'டூ இன் ஒன்' பெட்டிகள் 1970களின் இறுதியிலிருந்து நம் ஊர்களில் பரவின. 1986இல் நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, இரண்டு மாத ஊதியத்தைச் சேர்த்து ஒரு பெட்டி வாங்க எண்ணினேன். தாயாருக்குச் செவிப்புலன் குறையத் தொடங்கியிருந்தது. முதுமையில் முதலில் மங்குவது உச்ச ஒலிகளே. 'ச', 'த' முதலிய மெய்யொலிகளின் தெளிவு அந்த உச்சத்தில்தான் இருக்கிறது. பாட்டு அவர் செவியில் விழும்; சாகித்தியம் விளங்காது.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று, வண்ண விளக்குகள் ஓடும் பெரிய டூ இன் ஒன். மற்றொன்று, அலங்காரமற்ற ஆம்ப்ளிபயரும் காசெட் கருவியும் இரண்டு ஸ்பீக்கர்களும். எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர், "அம்மாவுக்குப் பழக்கமான பாட்டைக் கொண்டுபோங்கள். மெதுவாக வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். உரக்க வைத்தால் எல்லாப் பெட்டியும் நன்றாயிருப்பது போலத் தோன்றும்" என்றார். அவ்வாறே செய்தோம். தாயார் இரண்டையும் கண்மூடிக் கேட்டார். பின் ஸ்பீக்கரைக் காட்டி, "இதுலதாம்பா வார்த்தை தெளிவா விழுது" என்றார். அதையே வாங்கினோம். அதன்பின் பதினோர் ஆண்டுகள், தம் வாழ்நாள் முடியும்வரை, அவர் சொல்லோடு சேர்த்துப் பாட்டைக் கேட்டார்.

1982இல் குறுந்தகடு வந்தது. ஊசியின் கரகரப்பு ஒழிந்தது. இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே ஆயிரக்கணக்கான கச்சேரிகள் கிடைக்கின்றன. என் தந்தையார் போட்ட கணக்கு இன்று தலைகீழாகிவிட்டது. இசை மலிவாகிவிட்டது, அதை ஒலியாக்கும் இறுதிக் கருவியும் அறையுமே இன்று மீந்து நிற்கும் தடைகள்.

ஆகவே முதன்முறை வாங்குவோருக்கு இவ்வரலாறு தரும் அறிவுரை இது. முதலாவது, உங்கள் பணத்தின் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். இரண்டாவது, வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். ஆற்றலை இரட்டிப்பதால் கூடுவது மூன்று டெசிபல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். மூன்றாவது, ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் திணிக்காதீர்கள். தாழ்ந்த ஒலி பெருகிச் சொற்களை மூழ்கடிக்கும். இரு ஸ்பீக்கர்களும் நீங்களும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைவது நன்று. வெறுஞ்சுவரும் வெறுந்தரையும் எதிரொலிக்கும். திரைச்சீலையும் கோரைப்பாயும் நிறைந்த புத்தக அலமாரியும் அவ்வெதிரொலியைத் தணிக்கும். நான்காவது, உங்களுக்கு மனப்பாடமான பாட்டை மெதுவாக வைத்துக் கேட்ட பின்னரே பணத்தைக் கொடுங்கள். பழைய பெட்டி வாங்குவோர் கூம்பின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரைவிளிம்பு காலத்தால் பொடிந்து போகும்.

இவையெல்லாம் கருவியைப் பற்றியவை. கேட்போரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று நிமிடத் தட்டுக் காலத்தில் கருவியே இசையைக் குறுக்கியது. இன்று கருவி குறுக்குவதில்லை; நம் பொறுமையின்மையே குறுக்குகிறது. செவிக்குள் செருகும் கருவி ஒருவருக்கே பாடும். கூடத்தில் வைக்கும் பெட்டியோ குடும்பம் முழுவதையும் ஓரிடத்தில் அமர்த்தும். வாங்குமுன், இதனை யார் யார் கேட்கப் போகிறார்கள், அவர்களுள் செவி தளர்ந்தவர் யார், வேலையிலிருந்து எழ முடியாதவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவருக்குத் தெளிவாகக் கேட்பது எதுவோ, அதுவே உங்கள் வீட்டுக்கு ஏற்ற பெட்டி.