மனுக்களில் எழுதப்பட்ட காதல் கதைகள்

ஒரு நாவலை யோசித்துப் பாருங்கள். கடலூர் முதுநகரில் வேலை பார்க்கும் ஒருவன். அண்ணாமலை நகரில் படிக்கும் இன்னொருவன். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரம். இருவரும் காதலிக்கிறார்கள். யாரோ பார்த்துவிடுகிறார்கள். ஒரு போன் வருகிறது: பணம் கொடு, இல்லையென்றால் உன் வீட்டில் சொல்லிவிடுவேன். அப்புறம் என்ன ஆகும்?

ஆங்கிலத்தில் இந்த மாதிரிக் கதைகளுக்குத் தனி அலமாரியே இருக்கிறது. ஊர் சின்னது, ஆபத்து பெரியது, காதல் தப்புமா தப்பாதா என்று கடைசிப் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போகும். தமிழில் அந்த அலமாரி ஏறக்குறைய காலி. ஏன் என்று கேட்டால் வழக்கமான பதில் ஒன்று வரும்: நம் சமூகம் பிற்போக்கானது, எழுதுகிறவர்களுக்குத் தைரியம் இல்லை. இது பாதிப் பதில்தான். மீதிப் பாதி சட்டத்தில் இருக்கிறது. இந்தக் கதையை எழுத வேண்டிய வடிவத்தையே சட்டம் நூற்றைம்பது வருஷம் பூட்டி வைத்திருந்தது.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். தமிழ்த் துப்பறியும் நாவலின் தொடக்கத்தில் காதல்தான் இருக்கிறது. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் வந்த பிரபலமான நாவல். ஒரு பெண்ணும் ஒரு பையனும் விரும்புகிறார்கள். இடையில் வில்லன் புகுகிறான். பெண் காணாமல் போகிறாள், பழி காதலன் மேல் விழுகிறது. துப்பறியும் கோவிந்தன் வந்து முடிச்சை அவிழ்க்கிறார். கல்யாணம் நடக்கிறது. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய மாத நாவல்கள் வரை இந்த எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. காதலர்கள், ஆபத்து, காப்பாற்ற ஒரு துப்பறிவாளரோ போலீஸ்காரரோ, முடிவில் மாலை.

இப்போது நம் கடலூர்ப் பையனையும் சிதம்பரத்துப் பையனையும் அந்த எலும்புக்கூட்டுக்குள் வைத்துப் பாருங்கள். மிரட்டுகிறவன் மேல் புகார் கொடுக்க அவர்கள் எந்த ஸ்டேஷனுக்குப் போவார்கள்? போனால் முதலில் உள்ளே போகப்போவது அவர்களேதான். கடைசி அத்தியாயத்தில் எந்த ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போடுவார்கள்? மீட்கிறவனும் இல்லை, முடிவும் இல்லை. மிச்சம் இருப்பது ஆபத்து மட்டும்தான்.

அந்த ஆபத்துக்கு ஒரு தேதி உண்டு. மெக்காலே தலைமையிலான குழு 1837ல் முதல் வரைவைத் தயாரித்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறான உடலுறவு என்று அது கருதியதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம் என்றது. இருவரும் விரும்பித்தான் சேர்ந்தார்களா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

இந்தப் பிரிவில் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று தேடினால் எண்ணிக்கை சிறியதாகவே இருக்கும். 2013 டிசம்பர் 11 அன்று வந்த கௌஷல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே அதைக் கணக்குப் போட்டுச் சொன்னது: 150 ஆண்டுகளுக்கு மேலாக, வெளியான தீர்ப்புகளின்படி, வழக்குத் தொடரப்பட்டவர்கள் 200 பேருக்கும் குறைவு. சட்டத்தை விட்டுவைக்க நீதிமன்றம் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. இவ்வளவு குறைவாகப் பயன்படும் சட்டத்தால் யாருக்கு என்ன கஷ்டம் என்பது மாதிரி.

சஸ்பென்ஸ் கதை படிக்கிற யாருக்கும் இந்த வாதத்தின் ஓட்டை உடனே தெரியும். மேஜை மேல் கிடக்கும் துப்பாக்கி வெடிக்கவே வேண்டியதில்லை. அது அங்கே கிடக்கிறது என்று அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்தால் போதும். 377 செய்த வேலை அதுதான். கோர்ட்டுக்கு வந்தவை குறைவு. கடற்கரையில், பார்க்கில், லாட்ஜ் வாசலில் பர்ஸையும் வாட்சையும் பறிகொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனவர்களின் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் ஏறாது.

இங்கிலாந்துக்கும் இது புதிதல்ல. அங்கே 1885ல் ஆண்களுக்கு எதிராக வந்த சட்டத்திருத்தத்தை மிரட்டுகிறவர்களின் சாசனம் என்றே ஜனங்கள் அழைத்தார்கள். 1961ல் ‘விக்டிம்’ என்று ஒரு படம் வந்தது. டர்க் போகார்ட் ஒரு வக்கீலாக நடித்தார். தன்பாலீர்ப்புள்ள ஆண்களை ஒரு கும்பல் மிரட்டிப் பணம் பறிக்கிறது. ஒரு இளைஞன் லாக்கப்பில் தூக்குப் போட்டுக்கொள்கிறான். வாயை மூடிக்கொண்டால் பிழைக்கலாம், திறந்தால் தொழில் போகும், குடும்பம் போகும் என்ற நிலையில் வக்கீல் வாயைத் திறக்க முடிவு செய்கிறார். பக்கா த்ரில்லர். படம் வந்து ஆறு வருஷம் கழித்து, 1967ல், இங்கிலாந்து தன் சட்டத்தைத் திருத்தியது. நமக்குக் கொடுத்துவிட்டுப் போனது மட்டும் அப்படியே இருந்தது.

கடலூர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் கூடுதலாக ஒரு விசித்திரம் உண்டு. கடலூரிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் பாண்டிச்சேரி. 1954 வரை அது பிரெஞ்சு ஆட்சி. பிரான்ஸ் தன் புரட்சியின்போது, 1791லேயே, ஆண்களுக்கு இடையிலான உறவைத் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. பாண்டிச்சேரியில் நடந்தது பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம். அப்படியென்றால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய ஒன்று, அந்தப் பக்கம் குற்றமே இல்லை. பாண்டிச்சேரி ஊர்ஜனம் இரண்டு ஆண்களைக் கைதட்டி வரவேற்றிருக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. சட்டம் வேறு, தெரு வேறு. ஆனாலும் ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல எல்லைக்கோடு கிடைக்குமா?

அந்த எல்லையைத் தாண்டித் தப்பித்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் பாரதி. ராஜத்துரோகச் சட்டத்துக்குத் தப்பி 1908ல் பாண்டிச்சேரி போனார். பத்து வருஷம் கழித்து, 1918 நவம்பரில், எல்லை தாண்டி வந்தவுடன் கடலூர் அருகே பிடிபட்டு, மூன்று வாரத்துக்கும் மேல் கடலூர்ச் சிறையில் இருந்தார். ஒரே மண், ஒரே மொழி, நடுவில் ஒரு சாவடி. அதைத் தாண்டினால் குற்றம் மாறிவிடும் என்பதைப் பாரதி வழியாக நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அதே சாவடியில் வேறொரு குற்றமும் இப்படி மாறியது என்பதைத்தான் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

அதற்காகத் தமிழ் இலக்கியம் இந்தப் பக்கமே திரும்பவில்லை என்று சொல்ல முடியாது. கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ 1978லேயே ஆணுக்கும் ஆணுக்குமான உறவைக் கூசாமல் எழுதிக் காட்டியது. கி.ரா.வின் ‘கோமதி’, தன்னைப் பெண்ணாக உணரும் ஒரு சமையல்காரர் ஒரு ஆணின் மேல் வைக்கும் ஆசையைச் சொன்னது. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ திருநங்கையரின் வாழ்வை வெகுஜன வாசகர்களிடம் கொண்டுபோனது. இவையெல்லாம் முக்கியமான படைப்புகள். ஆனால் இவற்றின் அக்கறை பசி, நோய், அவமானம், விலக்கம். இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்துவிடுவார்களா என்ற எளிய ஆவலை வாசகருக்குள் மூட்டிப் பக்கத்தைத் திருப்ப வைப்பது வெகுஜன நாவலின் வேலை. அது நடக்கவில்லை.

இத்தனைக்கும் இது பழைய தென்னாற்காடு மாவட்டம். 1993ல் பிரிக்கப்படும் வரை கூவாகமும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட அதே மாவட்டத்தில்தான் இருந்தது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் திருநங்கையரை இந்த ஊர்கள் காலம் காலமாகப் பார்த்து வருகின்றன. திருவிழாவுக்கு இடம் கொடுத்தவர்கள் மற்ற நாட்களுக்கும் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. விழாவில் கூட ஒரே இரவுதான் கல்யாணம்.

சின்ன ஊரில் ஆபத்து எப்படி வரும்? முகமூடிக் கொலைகாரனாக வராது. ‘யார்றா அந்தத் தம்பி, அடிக்கடி வர்றானே?’ என்ற டீக்கடைக் கேள்வியாக வரும். மஞ்சக்குப்பத்தில் ஒருவன் செய்வது மறுநாள் திருப்பாதிரிப்புலியூரில் தெரியும். சிதம்பரத்தில் கீழ வீதியில் நடந்தால் தெற்கு வீதிக்குள் யாராவது சொந்தக்காரர் எதிரே வந்துவிடுவார். அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு பயங்கரமான சாட்சி இருக்கிறது.

முருகேசன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்தவர், தலித். கண்ணகி அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர், வன்னியர். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டைக்காரர்கள். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று இருவரும் ஊரார் முன்னால் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். தீர்ப்பு வர 18 வருஷம் ஆனது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் ஆணும் பெண்ணும். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. அரசாங்கப் பதிவேட்டில் பெயர் இருந்தது. அவ்வளவும் இருந்தே 64 நாள்தான் உயிரோடு விட்டார்கள். குடும்பம், சாதி, காக்கிச்சட்டை மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் பதிவேடு காப்பாற்றாது. அந்தப் பதிவேடும் இல்லாத, சட்டமும் எதிரில் நிற்கிற இரண்டு பேருக்கு இந்த ஊர்களில் ஒரு நாவல் எழுதியிருந்தால், அதற்குச் சுபமான முடிவு எழுத யாருக்குக் கை வந்திருக்கும்?

அமெரிக்காவில் ஒருவருக்கு வந்தது. 1952ல் பாட்ரீசியா ஹைஸ்மித், சஸ்பென்ஸ் எழுதிப் பேர் வாங்கிய கையோடு, இரண்டு பெண்களின் காதலை நாவலாக எழுதினார். கணவன் ஏவிய துப்பறிவாளன் ஒருவன் ஊர் ஊராக அவர்களைப் பின்தொடர்கிறான், பேச்சை ஒளிந்திருந்து பதிவு செய்கிறான். அதாவது துப்பறியும் கோவிந்தன் இங்கே எதிர்ப்பக்கம். அப்படியிருந்தும் கடைசியில் இருவரும் சேர்கிறார்கள். நாவலைச் சொந்தப் பெயரில் வெளியிட அவருக்கே துணிவு வரவில்லை. கிளேர் மோர்கன் என்ற புனைபெயரில்தான் வந்தது. ஈ.எம். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ நாவலை 1913-14லேயே எழுதிவிட்டார். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதாக முடித்தே தீருவேன் என்று பிடிவாதமாக முடித்தார். அது அச்சானது அவர் இறந்த பிறகு, 1971ல். சுபமான முடிவு அங்கேயும் சும்மா கிடைத்துவிடவில்லை.

தமிழில் அந்த முடிவு வேறொரு இடத்தில் எழுதப்பட ஆரம்பித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயது வந்தோர் விரும்பிச் சேர்வதை 377லிருந்து விடுவித்தது. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மனுக்களைப் படித்துப் பாருங்கள். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வருகிறார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார்கள். போலீஸ் தேடுகிறது. பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போகிறார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காகத் தானே ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து பேசுகிறார். 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில் ஒரு வரி மிக முக்கியம்: இப்படிக் காணாமல் போனவர்கள் விரும்பிச் சேர்ந்த பெரியவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் போலீஸ் புகாரை முடிக்க வேண்டும். அடுத்த வருஷம் தமிழ்நாடு போலீஸாரின் நடத்தை விதிகளிலேயே இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது.

2025 மே மாதம் வேலூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு மனு. தோழியை அவள் வீட்டார் அடைத்து வைத்திருக்கிறார்கள், மீட்டுக் கொடுங்கள் என்று ஒரு பெண் போட்ட ஆட்கொணர்வு மனு. அடைபட்ட பெண் நீதிபதிகள் முன்னால் வந்து, வீட்டில் அடித்தார்கள், சடங்கெல்லாம் செய்ய வைத்தார்கள், நான் இவளோடுதான் போவேன் என்கிறாள். போலீஸ் நடந்துகொண்ட விதத்தை நீதிபதிகள் கண்டிக்கிறார்கள். கல்யாணம் மட்டும்தான் குடும்பம் என்றில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்று சொல்லி அவளை அனுப்பி வைக்கிறார்கள்.

கடத்தல், தேடல், மீட்பு, சேர்தல். ‘ராஜாம்பாள்’ எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. துப்பறியும் கோவிந்தனின் இடத்தில் மட்டும் இப்போது மனு எழுதிய காதலியே நிற்கிறாள். நம் மொழியின் தன்பால் காதல் த்ரில்லர்கள் நாவலாக வரவில்லை. ஆட்கொணர்வு மனுக்களாக வந்தன.

இந்த இரண்டு வழக்குகளிலும் பெண்கள்தான் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பெண்ணை வீட்டில் அடைத்தால் ஒரு மனுவாவது போட முடிகிறது. ஆணைத் தெருவில் மிரட்டிப் பணம் பறித்தால் அவன் தன் பெயரை வெளியே சொல்ல வேண்டும். அதற்கு அவன் தயாராக இல்லாதவரை எந்த மனுவும் இல்லை, எந்தக் கதையும் இல்லை. இப்போது அந்த மிரட்டல் டேட்டிங் ஆப்பிலிருந்தும் வருகிறது. கடலூர்ப் பையனின் போன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் அவன் நிலைமை அவன் தாத்தா காலத்து நிலைமை இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 என்ற பிரிவே இல்லை. ஆணை ஆண் பலாத்காரம் செய்தால் தண்டிக்க இருந்த பாதுகாப்பும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அது தனியாகப் பேச வேண்டிய பிரச்சினை. கல்யாணத்தை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆக, அவன் ஸ்டேஷனுக்குப் போய் மிரட்டுகிறவன் மேல் புகார் கொடுக்கலாம். எழுதுகிறவர் இப்போது அந்தக் காட்சியைப் பொய் சொல்லாமல் எழுதலாம். மாலை மாற்றும் கடைசி அத்தியாயத்தை மட்டும் இன்னும் எழுத முடியாது.

அது பெரிய குறையா? நாவலுக்குப் பெரிய குறை இல்லை, வாழ்கிறவர்களுக்குக் குறைதான். புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். கதைக்குப் பஞ்சம் இல்லாத ஊர் இது. இங்கே இரண்டு பையன்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு வெளியே வந்து, ஒருவன் இன்னொருவனைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ‘போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு’ என்று சொல்லி, அந்த போன் சரியாக வந்துவிட்டால் போதும். யாராவது எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறோம்.