பேசாத காவலாளி

சென்ற மாதம் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் வீட்டில் பொருத்தியிருக்கும் பாதுகாப்புக் கருவியில், கொல்லைக் கதவுக்குரிய சென்சார் மட்டும் சில நாட்களாகப் பதில் தரவில்லை. இரவில் கருவியை இயக்கும்போதெல்லாம் அது கூச்சலிட்டது. பழுது பார்க்க வந்த இளைஞர் மின்கலத்தை மாற்றினார், கதவிலிருக்கும் காந்தத்தை நகர்த்தி வைத்துப் பார்த்தார், பயனில்லை. புதியது வரப் பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டு, அந்தச் சென்சாரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். சிவப்பு விளக்கு பச்சையாயிற்று. எல்லாக் கதவுகளும் மூடியுள்ளன என்று கருவி அறிவித்தது. நண்பரின் தாயார் மட்டும் கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, இனிமே கொல்லைக் கதவை யாரு பாத்துக்கறது?"

இளைஞர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்த அம்மையாரின் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

ரோமானியர் தம் மரபுக் கணக்கில் கி.மு. 390 என்று குறிக்கும் ஆண்டில், கௌல் இனத்தவர் ரோம் நகரைக் கைப்பற்றிக் காப்பிட்டோல் குன்றை முற்றுகையிட்டனர். ஓர் இரவு அவர்கள் ஓசையின்றிப் பாறையேறினர். காவலர் அறியவில்லை, நாய்களும் குரைக்கவில்லை. பஞ்ச காலத்திலும் ஜூனோ தேவதைக்குரியவை என்பதால் கொல்லப்படாதிருந்த வாத்துகள் கூச்சலிட்டன. மார்க்கஸ் மான்லியஸ் விழித்தெழுந்து பகைவரைத் தள்ளினார் என்கிறார் லிவி. கடமை தவறிய காவலன் பாறையிலிருந்து உருட்டிவிடப்பட்டான். அதன் நினைவாகப் பிற்காலத்தில் ஆண்டுதோறும் நாய்கள் கொடிய தண்டனைக்கு உள்ளாயின என்பதைப் பிளினியும், வாத்து பல்லக்கில் ஏற்றிப் போற்றப்பட்டதைப் புளூட்டார்க்கும் எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முந்தைய இரவுகளிலும் அந்த நாய்கள் குரைக்கவில்லை. அப்போது அந்த மௌனத்துக்கு அமைதி என்று பொருள். பகைவர் ஏறிய இரவிலும் அதே மௌனம்தான். 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதும் 'நான் விழித்திருக்கவில்லை' என்பதும் வெளியிலிருந்து கேட்பவனுக்கு ஒரே ஒலியின்மைதான். காவற்கருவிகளின் வரலாறு என்பது இவ்விரு மௌனங்களையும் பிரித்தறிய மனிதன் எடுத்த முயற்சிகளின் வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு எச்சரிக்கைக் கருவிக்கு 1853 ஜூன் 21 அன்று காப்புரிமை பெற்றவர் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாமர்வில் ஊரைச் சேர்ந்த கிறித்தவப் போதகர். கதவிலும் சன்னலிலும் பொருத்திய தொடுமுனைகள், ஒரு மின்கலம், ஒரு மின்காந்தம், ஒரு மணி, இவ்வளவுதான். கதவு திறந்தால் சுற்று நிறைவு பெறும், காந்தம் சுத்தியலை இழுக்கும், மணி ஒலிக்கும். திருடன் கதவை மீண்டும் சாத்தினாலும் மணி நிற்காதபடி அவர் செய்திருந்தார். 1857இல் இந்த உரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ், பாஸ்டனில் தொடங்கி நியூயார்க்கிலும் இதைத் தொழிலாக வளர்த்தார். வீடுகளையும் கடைகளையும் ஒரு நிலையத்தோடு இணைத்த கம்பிகள் வேறொன்றுக்கும் பயன்பட்டன. 1877 மே மாதம் பாஸ்டனில் அவருடைய மகன் அதே கம்பிகளைக் கொண்டு தொலைபேசி இணைப்பகம் நடத்திக் காட்டினார். இரவில் திருடர்களுக்கெதிரான காவல், பகலில் உரையாடல்.

ஆயினும் போப்பின் அமைப்பில் ரோமானிய நாயின் குறை அப்படியே இருந்தது. சாதாரண நேரத்தில் அதில் மின்னோட்டம் இல்லை. எங்கோ கம்பி அறுந்தால், மின்கலம் தீர்ந்தால், மணி ஒலிக்காது. ஒலிக்காததை வீட்டுக்காரர் அமைதி என்று எண்ணிக்கொள்வார்.

இதே சிக்கலை வேறொரு துறையில் எதிர்கொண்டவர் வில்லியம் ராபின்சன். 1870இல் பென்சில்வேனியாவின் கின்சுவாவில் தண்டவாளத்துக்கென அவர் அமைத்த மின்சைகையும் இப்படித் திறந்த சுற்றாகவே இருந்தது. கம்பி அறுந்தாலும் 'பாதை காலி' என்றே அது காட்டும் என்பதை உணர்ந்தார். 1872 ஆகஸ்டில் அவர் காப்புரிமை பெற்ற மூடிய சுற்று இதைத் தலைகீழாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது வந்துசேரும் வரையில்தான் 'பாதை காலி'. ரயில் வந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும், மின்கலம் செத்தாலும் அபாயக் குறியே விழும். 'ஆபத்து வந்தால் கூவு' என்பதை விடுத்து, 'நலமாயிருக்கும் வரை சொல்லிக்கொண்டே இரு' என்று காவலாளிக்கு இட்ட கட்டளை இது.

வீட்டுக் காவலும் இவ்வழிக்கு வந்தது. திருடர்களும் உடன் வந்தனர்; இரு கம்பிகளை இணைத்துவிட்டால் மூடிய சுற்றை ஏமாற்றலாம் என்று கண்டுகொண்டனர். அதற்கு மாற்றாகக் கம்பியின் கடைமுனையில் குறித்த அளவுள்ள மின்தடை ஒன்றை வைத்தார்கள். அளவு மாறினால் கருவி ஐயுறும். கம்பியில்லாச் சென்சார்கள் வந்தபின், அவை குறித்த கால இடைவெளியில் 'இருக்கிறேன்' என்று சிறு செய்தி அனுப்புகின்றன. அச்செய்தி வராது போகும்போதுதான் நண்பர் வீட்டுக் கருவி போல் கூச்சலிடுகிறது. அது பழுதன்று, நூற்றைம்பது ஆண்டு அறிவு பேசுகிறது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் 3ஜி வலையமைப்பை மூடியபோது, அதை நம்பியிருந்து மாற்றப்படாத காவற்கருவிகள் நிலையத்தோடு பேசும் வழியை இழந்தன. அந்த வீட்டுக் கதவுகளில் எந்த மாற்றமும் இல்லை.

ஆர்தர் கோனன் டாயில் 1892இல் எழுதிய 'சில்வர் பிளேஸ்' கதையில் நாய் குரைக்காததே துப்பாகிறது. ஆனால் அந்த நாய் உயிரோடு, நலமாக, குரைக்கக் கூடியதாக இருந்தது என்பது ஷெர்லாக் ஹோம்ஸுக்குத் தெரியும். பேசக் கூடியவன் பேசாதிருந்தால்தான் மௌனத்துக்குப் பொருள் உண்டு.

பதில் தராத சென்சாரை நீக்குவது தவறென்று நான் சொல்லவில்லை. ஓயாது கூவும் கருவியை மக்கள் முழுவதுமாக அணைத்துவிடுவார்கள். அது இன்னும் மோசம். ஒரு முறைக்கு மட்டும் விலக்கி வைப்பது வேறு. பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது வேறு. முன்னதில் அந்தக் கதவு இருக்கிறது, காவல் இல்லை என்பது பதிவாக இருக்கும். பின்னதில் கதவே இல்லை என்றாகிவிடும். கம்பி வழி அமைப்பில் சென்சாரின் இடத்தில் ஒரு மின்தடையை மட்டும் மாட்டிவிட்டால், கருவி அந்தக் கதவு என்றென்றும் மூடியே இருப்பதாக நம்பும். பச்சை விளக்கு அப்போது பொய் சொல்வதில்லை. தன்னிடம் கேட்கப்பட்ட கதவுகளைப் பற்றி மட்டும் உண்மை சொல்கிறது. நிறுவனங்களிலும் இதைக் காண்கிறோம். வராத அறிக்கையைத் தேடுவதற்குப் பதில், அறிக்கை கேட்கும் பத்தியையே படிவத்திலிருந்து எடுத்துவிடுகிறோம்.

மறுவாரம் நண்பரிடம் விசாரித்தேன். புதிய சென்சார் இன்னும் வரவில்லை. அம்மா தினமும் படுக்கப்போகுமுன் கொல்லைக் கதவின் உட்புறம் பித்தளைக் குடத்தின் மேல் ஒரு சொம்பைக் கவிழ்த்து வைக்கிறாராம். வைத்தபின் ஒருமுறை தட்டியும் பார்க்கிறாராம், ஓசை வருகிறதா என்று.