மாயாஜாலப் படங்களும் நம்ம ஊர்க் குரலும்

சிந்தாதிரிப்பேட்டையில இருந்து நடந்தே தேவி, கேசினோவுக்குப் போய் படம் பார்த்து வளர்ந்தவங்களுக்கு ஒரு சின்ன த்ரெட்.

1) டப்பிங் நமக்குப் புதுசு இல்லை. ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த கன்னட 'ஹரிச்சந்திரா' 1944-லேயே தமிழ் பேசியது.

2) பிறகு வெளிநாட்டுப் படங்கள் வந்தன. பழைய 'லயன் கிங்' தமிழில் சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் அரவிந்த்சாமி. 2019 படத்தில் அவரே வில்லன் ஸ்கார். சிம்பாவாகப் பேசியது சித்தார்த். ஒரு தலைமுறையே தாண்டிடுச்சு, பாருங்க.

3) அதே 2019 ஏப்ரலில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்'. அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். எல்லாருக்கும் பிடிச்ச நடிகர்தான். ஆனாலும் ரசிகர்கள் "பழைய குரல்தான் வேணும்"னு கொந்தளிச்சாங்க.

4) ஏன்? முந்தைய படங்களில் பேசிய டப்பிங் கலைஞரின் குரல் காதுல அப்படிப் பதிஞ்சிருந்தது. முகம் ஹாலிவுட்டோடது; ஆனா நம்ம மனசுல இருந்த அயர்ன் மேன் தமிழ் பேசினவர். பேர் மட்டும் பலருக்குத் தெரியாது.

5) டாக்டரா ஒரு விஷயம்: சண்டைக் காட்சிக்காக மணிக்கணக்கா கத்துறவங்களுக்கு குரல் நாண்ல சின்னச் சின்ன முடிச்சு வரலாம். குரலை நம்பிப் பிழைக்கிறவங்க யாரா இருந்தாலும், மூணு வாரத்துக்கு மேல தொண்டை கம்மியிருந்தா இ.என்.டி. டாக்டரைப் பாருங்க.

6) அடுத்த டப்பிங் படம் முடிஞ்சதும் உடனே எழுந்திருக்காதீங்க. தமிழ்ல பேசினவங்க பேர் திரையில வருதான்னு தேடுங்க. வரலைன்னா கேளுங்க.