மின்கம்பி எட்டாத பண்ணைகளின் என்ஜின்

இங்கிலாந்தில் 1926-ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டத்தால் உருவான நாடளாவிய மின்தொகுப்பு 1933-இல் இயங்கத் தொடங்கிய பின்னும், கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகாத ஒதுக்குப்புறப் பண்ணைகள் மின்சாரத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தன. 1948-இல் மின்துறை நாட்டுடைமையான பிறகே இணைப்புப் பெற்றவை அவற்றுள் ஏராளம். அந்த இடைக்காலத்தைத் தாங்கியது, ஓரிடத்தில் பதித்து இயக்கப்படும் நிலை என்ஜின்.

ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டுவர்ட் 1890-இல் காப்புரிமை பெற்று, கிராந்தம் நகரின் ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892 முதல் விற்ற எண்ணெய் என்ஜினில், எரிபொருளை ஆவியாக்கும் இரும்புக் குமிழை ஊதுவிளக்கின் தீயால் நன்கு சுட்ட பிறகே அதைக் கிளப்ப முடியும். குளோஸ்டர்ஷயர் மாவட்டத்து டர்ஸ்லியில் 1867-இல் தோன்றிய லிஸ்டர் நிறுவனம் 1930-ஐ ஒட்டிக் கொண்டுவந்த ‘சி.எஸ்.’ வகை டீசல் என்ஜின், குளிர்ந்த நிலையிலேயே கிளம்பும் என்பதைத் தன் பெயரிலேயே சொல்லி, அந்தச் சிரமத்தை நீக்கியது. ஓட்டுபவர் வால்வு மூடாதபடி ஒரு நெம்புகோலால் தூக்கி நிறுத்திவிட்டு, ஃபிளைவீல் எனப்படும் கனத்த சக்கரத்தைக் கைப்பிடியால் சுழற்றி, வேகம் பிடித்ததும் நெம்புகோலை விடுவிப்பார். சக்கரத்தின் உந்துவிசை பிஸ்டனைத் தள்ள, சிலிண்டருக்குள் அழுந்திச் சூடேறிய காற்றில் பீய்ச்சப்படும் டீசல் தானே தீப்பற்றும். ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைத்திறன் தந்தது. இன்றைய கணக்கில் இது அற்பமான வேகமாகத் தோன்றலாம். ஆயினும் பாகங்கள் விரைவில் தேயாமல், பட்டறை வசதியற்ற இடத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைத்ததற்கு அந்த நிதானமே முதன்மையான காரணம் எனலாம்.

என்ஜினின் கப்பியிலிருந்து ஓடும் பெல்ட்டை மாற்றி மாற்றி மாட்டி, தண்ணீர் இறைக்கவும் தீவனம் நறுக்கவும் தானியம் உடைக்கவும் பால்கறவைக் கருவிக்கு வெற்றிடம் உண்டாக்கவும் ஒரே எந்திரத்தைப் பயன்படுத்தினர். கதிரடிப்பு போன்ற பெரிய வேலைகளுக்கு, 1917 முதல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் கப்பி பொருத்தி அதே முறையைக் கையாண்டனர்.

விளக்கேற்றும் தேவைக்கு லிஸ்டர் அளித்த ‘ஸ்டார்ட்-ஓ-மேட்டிக்’ அமைப்பு தனிக் கவனத்துக்குரியது. வீட்டில் யாரேனும் ஒரு சுவிட்சைப் போட்டால், பேட்டரி மின்சாரத்தால் கொட்டகையிலுள்ள என்ஜின் தானே கிளம்பி மின்னாக்கியைச் சுழற்றும். கடைசி விளக்கும் அணைக்கப்பட்டதும் தானே நிற்கும். இரவில் கொட்டகைக்குப் போய்க் கைப்பிடி சுற்றும் வேலையைப் பண்ணை வீட்டாருக்கு இல்லாமல் செய்தது இவ்வமைப்பு.

இவ்வகை என்ஜின் இந்தியாவிலும் வேரூன்றியது. குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் இதன் அமைப்பைப் பின்பற்றி, நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத்திறன் தரும் என்ஜின்களைப் பெருமளவில் வார்த்தெடுத்து, கிணற்றுப் பாசனத்துக்கும் மாவு மில்லுக்கும் அனுப்பின. மாடுகள் இழுக்கும் கமலையால் நீர் இறைத்த தமிழகக் கிணறுகளிலும் பல்வேறு நிறுவனங்களின் டீசல் என்ஜின்கள் ‘ஆயில் என்ஜின்’ என்ற பொதுப்பெயரோடு இடம்பிடித்தன. டர்ஸ்லியில் உற்பத்தி நின்ற பிறகும் ராஜ்கோட்டில் அந்த வார்ப்புகள் தொடர்ந்து வெளிவந்தன.