தென்மார்க்கில் காற்று வணிகப் பொருளான வரலாறு

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதனால் எழும் காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தைச் சூடேற்றுகின்றது என்பதை அரசுகள் ஏற்றுக்கொண்டபின், எதனையும் எரியாது மின்னாக்கும் பொறிகளை விற்பது பெருவணிகமாயிற்று. அவ்வணிகத்தில் முன்னணியில் நிற்பது, இலங்கையினும் பரப்பிற் சிறியதும் ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்களையே உடையதுமான தென்மார்க்கு. பெருமுதலும் பெரிய ஆய்வுகூடமுமே புதிய கைத்தொழிலைப் படைக்கும் என்பது பலர் கொள்கை. தென்மார்க்கின் வரலாறு அக்கொள்கைக்கு இடந்தருவதன்று.

அவ்வரலாறு ஒரு பள்ளிக்கூடத்திலே தொடங்குகின்றது. யூட்லாந்துப் பகுதியிலுள்ள அஸ்கோவ் என்னும் ஊரில், நாட்டுப்புற இளைஞருக்கென நிறுவப்பட்ட மக்கள் உயர்பள்ளியில் 1878 முதல் ஆசிரியராயிருந்தவர் போல் லா கூர் (1846 – 1908). வானிலை ஆராய்ச்சியில் முன்னரே பெயர்பெற்ற அவர், நகரங்களை அடைந்த மின்னொளி கிராமங்களை எட்டாமை கண்டு கவன்றார். 1891 இல் அரசின் உதவிபெற்று, மின்னாக்கும் காற்றாடியொன்றைப் பள்ளியருகே நிறுத்தினார். காற்று வேண்டும்பொழுது வீசுவதன்று. ஆதலின், கிடைத்த மின்னாலே நீரைப் பகுத்து, ஐதரசனைத் தொட்டியிற் சேமித்து, அதனைக் கொண்டு பள்ளியின் விளக்குகளை எரித்தார். ஐதரசனோடு ஒட்சிசன் கலந்து வெடித்தமையாற் பள்ளியின் யன்னற் கண்ணாடிகள் சிலமுறை உடைந்தன என்ப. பல இறக்கைகள் மெல்லச் சுழல்வதினும் சில இறக்கைகள் விரைந்து சுழல்வதே பயன்மிகுவது என அவர் சோதனையாற் கண்டார். எனினும் அவருடைய பெருந்தொண்டு பொறியன்று, மாணாக்கரே. கிராம மின்வினைஞரைப் பயிற்றும் வகுப்பில் 1904 இற் பயின்றோருள் யொகானஸ் யூல் என்னும் இளைஞரும் ஒருவர். 1918 அளவில் ஏறத்தாழ 120 கிராம மின்னிலையங்கள் காற்றாடி உடையனவாயிருந்தன.

1887 இற் பிறந்த யூல், அறுபது வயதை அணுகிய காலத்தே தம் ஆசிரியரின் பணியை மீளத் தொடங்கினார். அவர் ஊழியம் பார்த்த மின்கம்பனியின் ஆதரவோடு 1957 இற் கெட்சர் என்னும் கடற்கரையூரில் 200 கிலோவாற்றுப் பொறியொன்று எழுந்தது. அதன் எளிமை வியத்தற்குரியது. மூன்று இறக்கைகளும் ஒரே கோணத்தில் அசையாது பொருத்தப்பட்டன. காற்றுக் கடுமையாகும்போது அஃது இறக்கையின் முதுகைத் தழுவாது விலகும். ஆற்றல் தானே மட்டுப்படும். வேகம் வரம்பு கடப்பின் இறக்கை நுனிகள் திரும்பித் தடையாகும். அப்பொறி பெரும் பழுதின்றிப் பத்தாண்டு ஓடிற்று. ஆயின் எண்ணெய் மலிவாயிருந்தமையால் 1967 இல் அதனை நிறுத்திவிட்டனர். குறை பொறியிலன்று, விலையிலேயே இருந்தது.

1973 இல் எண்ணெய் விலை ஏறியபோது, எரிபொருளின் பெரும்பகுதியைப் பிற நாடுகளிலிருந்து வாங்கிய தென்மார்க்கு திகைத்தது. அப்பொழுது முன்வந்தோர் பெருங் கம்பனியார் அல்லர். கிறிஸ்தியான் ரீசாகர் என்னும் தச்சர், கெட்சர்ப் பொறியின் முறையைப் பின்பற்றி, கடையில் வாங்கத்தக்க உறுப்புக்களாலே 22 கிலோவாற்றுக் காற்றாடியைத் தம் வீட்டருகே நிறுத்தி, 1976 இல் அதனைப் பொது மின்வலையோடு இணைத்தார். துவிண்ட் என்னுமிடத்துப் பள்ளியொன்றில் ஆசிரியரும் மாணவருமே கூடி, 54 மீற்றர் விட்டமுள்ள இறக்கைச் சுழலியைக் கட்டி 1978 இல் இயக்கினர். இவ்வகையிலும் பள்ளிக்கூடமே மீண்டும் களமாயிற்று! அடுத்து வந்தோர் வேளாண் கருவி செய்தோர். 1898 இற் கொல்லுலையாய்த் தொடங்கிய மரபில் வந்ததும், முன்னர்ப் பால் குளிராக்கும் கருவிகளை விற்றதுமான வெஸ்டாஸ் கம்பனி, ஒரு கொல்லரும் ஓரிளைஞரும் வகுத்த காற்றாடியின் உரிமையை வாங்கி 1979 இல் விற்பனையில் இறங்கிற்று.

அதே காலத்திற் பிற நாடுகள் வேறு வழி சென்றன. மேற்கு செருமனி 100 மீற்றர் விட்டமும் இரண்டே இறக்கைகளும் கொண்ட 3 மெகாவாற்றுப் பொறியை அரசின் பணத்தால் 1983 இல் எழுப்பியது. அது சில நூறு மணி நேரமே ஓடி, 1988 இற் கழற்றப்பட்டது. அமெரிக்க அறிஞர் கெட்சர்ப் பொறியைச் செப்பனிடச் செய்து அளந்து பார்த்தபின்பும், இரண்டிறக்கைப் பேருருவங்களையே கட்டினர். கற்க வந்தோர் கற்கவில்லை போலும். தென்மார்க்கிலோ சிறு பொறி உடைந்தால் நட்டமும் சிறிதே. அடுத்த பொறி சிறிது திருந்தி வரும். இதற்கு வாங்கியோரே பெருந்துணையாயினர். 1978 இற் காற்றாடியுடையோர் சங்கமொன்று கூடிற்று. எந்தப் பொறி எத்துணை மின் தந்தது, எது எவ்வாறு பழுதுற்றது என்னும் செய்திகளை அவர்தம் இதழ் மாதந்தோறும் வெளியிட்டது. குறையை மறைக்க விற்பவனுக்கு வழியில்லை. அரசும் 1979 முதல், ரீசோ ஆய்வு நிலையம் ஒப்பிய பொறிகளை வாங்குவோருக்கே விலையில் நூற்றுக்கு 30 பங்கு உதவிற்று. மானியமும் சோதனையும் பிரியாது சென்றமை நோக்கற்பாலது. சோதனையின்றி வரிச்சலுகை அளித்த கலிபோணியாவிற் பொறிகள் பல உடைந்து வீழ்ந்தன. அச்சலுகை 1985 இல் முடிவுற, அச்சந்தையை நம்பிய வெஸ்டாஸ் 1986 இல் முறிந்து, மறு ஆண்டு காற்றாடிகளை மட்டுமே செய்யும் கம்பனியாய் மீண்டெழுந்தது.

சூழல் வெப்பம் பற்றிய அச்சம் உலகிற் பரவிய காலத்து, விற்கத்தக்க பொறி அந்நாட்டில் ஆயத்தமாயிருந்தது. 1990 இல் வெளிவந்த அரசின் ஆற்றல் திட்டம், காபனீரொட்சைட்டை 2005 அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கவும், மின்னிற் பத்திலொரு பங்கைக் காற்றிலிருந்து பெறவும் இலக்கு வகுத்தது. 1991 இல் விண்டேபிக்கு அப்பால் 11 பொறிகள் கடலுள் நிறுத்தப்பட்டன. உலகின் முதற் கடற் காற்றுப் பண்ணை அதுவே. இன்று அந்நாட்டு மின்னிற் பாதிக்கு மேல் காற்றாற் பெறப்படுகின்றது.

இலங்கை மின்சார சபை 2020 இல் மன்னார்த் தீவின் தென்கரையில் திறந்த தம்பபவனிக் காற்றாலையில் நிற்பனவும் வெஸ்டாஸ் பொறிகளே. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்றாய் 30 பொறிகள். ஒன்றின் வலு கெட்சர்ப் பொறியின் வலுவினும் பதினேழு மடங்காகும். இறக்கைகள் இப்பொழுது காற்றின் கடுமைக்கேற்பத் திரும்புவன. ஆயினும் அவற்றின் தொகை மூன்றே, அவை காற்றை எதிர்நோக்கி நிற்பதும் யூல் நிறுத்தியவாறே.