உத்தரமேரூர்ச் சபையும் நமது கிராம சபையும்

உள்ளாட்சித் திட்டமிடலில் மக்கள் கருத்தறிதல் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் அன்புடன் பணித்தார்கள். ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி அளித்த 73ஆவது திருத்தத்தையும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் இம்மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கல்வெட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய இரு சபைத் தீர்மானங்கள் உள்ளன. குடவோலை என்றதும் இன்றைய வாக்குச்சீட்டின் தாய் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். அது வாக்களிப்பன்று, தகுதியுள்ளோர் பெயர்களைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்த குலுக்கல். பெருமைப்பட வேண்டிய இடம் வேறு. முன்பு வாரியம் என்னும் செயற்குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்கிறது தீர்மானம். அதோடு விடவில்லை. அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், தாயோடும் தந்தையோடும் பிறந்தவர்கள் என உறவுமுறையை ஒவ்வொன்றாக அடுக்கி, அவர்களுக்கும் கதவடைக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று அடுத்த ஆண்டின் வேலையைப் பகிர்வதற்கு முன்பே சென்றவர்களின் கணக்கு முடிந்திருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். உத்தரமேரூர் பிராமணருக்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர், வரி செலுத்தும் நிலமும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவருக்கே அங்கு இடம், உழுத குடிகளும் பெண்களும் வெளியே நின்றார்கள் என்று மறுப்பார்கள். முற்றிலும் உண்மை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரையும் உறுப்பினராக்கிய இன்றைய கிராம சபை அதனினும் மேலானது. ஆனால் உறுப்பினர் தொகையில் விரிந்த நாம், கணக்கொழுங்கில் அந்தச் சபைக்கு எட்டவில்லை.

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்காகக் கூடும் சபையில் நடப்பதென்ன? கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைவெண் நிரம்ப நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அழைத்து உட்கார வைப்பதும், பதிவேட்டில் கையொப்பம் வாங்கிய பின் தீர்மானத்தை வாசிப்பதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மக்களுக்குத் திட்டமிடத் தெரியாது, தெருவிளக்கும் சாலையும்தான் கேட்பார்கள் என்பது அலுவலர் தரப்பு வாதம். எந்த மதகு தூர்ந்தது, எந்தத் தெருவில் மழைநீர் முழங்கால் அளவு நிற்கிறது என்பதை அங்கே குடியிருப்பவரைவிட எந்த வரைபடம் சொல்லும்? மதிப்பீடு தயாரிப்பது பொறியாளர் வேலை. முன்னுரிமை சொல்வது ஊரார் உரிமை. மக்கள் வருவதில்லை என்பது மற்றொரு வாதம். சென்ற முறை சொன்னது என்னவாயிற்று என்று தெரியாதவர் இம்முறை எதற்காக வருவார்? செய்தது, செய்யாதது, செய்ய இயலாதது, அதன் காரணம் ஆகியவற்றைச் சொல்லாமல் புதிதாகக் கருத்துக் கேட்பது வெறும் சடங்கு. இடித்துரைக்கும் துணை இல்லாத மன்னன் கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவப் பெருந்தகையின் வாக்கு. அந்தத் துணை இன்று கிராம சபையே. தலைவர்கள் அதற்கு அஞ்சாமல் இடந்தர வேண்டும்.

வரும் அக்டோபர் 2ஆம் நாள் சபை கூடும்போது, புதிய திட்டத்தை எடுப்பதற்கு முன் சென்ற கூட்டத்துத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்து விடை சொல்லுமாறு ஊராட்சித் தலைவர்களையும் செயலர்களையும் பணிவுடன் வேண்டுகிறேன். அதைக் கேட்டு வாங்குமாறு இளைஞர்களையும் மகளிர் குழுவினரையும் வேண்டுகிறேன்.