கட்ச் ரண் நடுவர் தீர்ப்பு (1968): வரைகோடும் நியாயமும்

1965 ஏப்ரலில் கட்ச் ரண் பகுதியில் மோதிக்கொண்ட இந்தியாவும் பாகிஸ்தானும், பிரிட்டனின் முயற்சியால் ஜூன் 30 அன்று உடன்பாடு கண்டு, எல்லைச் சிக்கலை மூவர் நடுவர் மன்றத்திடம் ஒப்படைத்தன. மழைக்காலத்தில் நீர் சூழ்ந்தும் கோடையில் உப்புப் படிந்தும் கிடக்கும் நிலத்திற்கான வழக்கு இது. செப்டம்பரில் முழுப்போரே மூண்ட பின்னும் அவ்வுடன்பாடு முறியாமை வியப்பிற்குரியது.

இந்தியா யூகோஸ்லாவியாவின் அலெஸ் பெப்ளரையும், பாகிஸ்தான் ஈரானின் நஸ்ரொல்லா எந்தெசாமையும் முன்மொழிந்தன. சுவீடனின் குன்னர் லாகர்கிரென் தலைமையேற்றார். 1968 பிப்ரவரி 19 அன்று வெளியான தீர்ப்பு, சிக்கலுக்குரிய பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்கு அளித்தது. நகர்பார்க்கரின் இருமருங்கிலும் உட்புகுந்த நீர்ப்பகுதிகள் இந்தியாவிடம் இருப்பின் உரசல் ஓயாது என்பது தலைவரின் கருத்து. பெப்ளர் இதனின்று மாறுபட்டார். ஆவணச் சான்றுகளை எடைபோட அமர்ந்த மன்றம் அமைதியையும் உடன் எடைபோட்டது என்றே கொள்ளவேண்டும். இந்தியாவில் எழுந்த மனக்குறைக்கும் இதுவே வேர்.

ஆயினும் இந்திய அரசு தீர்ப்பை ஏற்றது. நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960இல் பெருபாரி வழக்கில் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம், 1969இல், ஐயத்திற்குரிய எல்லையை வரையறுத்தல் விட்டுக்கொடுத்தல் ஆகாது எனத் தெளிவுபடுத்தியது. மன்றத்தின் வரம்பிற்கு வெளியே நிறுத்தப்பட்ட சர் கிரீக் கடற்கழிச் சிக்கல் மட்டும் இன்றளவும் தீரவில்லை.